டெல்லி போகலில் கொடுத்த அரிசி கடைக்குப் போய்விட்டது. அடுத்த முறை பணமாகவே கொடுக்கலாமா?

மயூர்விஹார்_ஒன்று | ஞாயிறு, இரவு 9.40

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போன டிசம்பரில் எங்கள் சொசைட்டியில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, ஜங்புரா பக்கம் போகலில் வாடகைக்கு இருக்கும் ஆப்கன் அகதிக் குடும்பங்களுக்கு, மொத்தம் 22 வீடு, குளிர்கால உதவி என்று பை கட்டிக் கொடுத்தோம். வீட்டுக்குப் பத்து கிலோ அரிசி, இரண்டு கிலோ துவரம் பருப்பு, எண்ணெய், ஒரு ரஜாய், அதாவது கனமான பஞ்சுப் போர்வை. அரிசி அவரவர் வீட்டிலிருந்து வந்ததால் பாதி பொன்னி, பாதி இட்லி அரிசி. ஆப்கன் வீட்டில் இட்லி அரிசியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். என் பெண் உட்கார்ந்து ஒவ்வொரு பையிலும் பச்சை மார்க்கரில் எண் எழுதினாள்.

இரண்டு வாரம் கழித்து ரொட்டி வாங்க அந்தப் பக்கம் போனேன். தந்தூர் ரொட்டிக் கடைக்கு எதிரே இருக்கும் மளிகைக் கடை வாசலில் எங்கள் பை நிற்கிறது. பச்சை 14. கடைக்காரரைக் கேட்டால் ஒளிவு மறைவே இல்லை, கிலோ 22 ரூபாய்க்கு எடுத்தேன், ஆறேழு பை வந்தது, இன்னும் இரண்டு மூன்று இருக்கிறது, வேண்டுமா என்கிறார்.

வந்த கோபத்தில் நேராக 14ஆம் எண் வீட்டுக்கு ஏறினேன். மூன்றாவது மாடி, ஒரே அறை, அம்மாவும் மூன்று பிள்ளைகளும். கணவர் காபூலிலிருந்து வரவே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பச்சைத் தேநீரும் சர்க்கரை பூசிய பாதாமும் வந்துவிட்டது, அப்புறம் எப்படிச் சண்டை போடுவது. பெரிய பையனுக்குப் பதினொரு வயது இருக்கும், இந்தி நன்றாகப் பேசுகிறான். அம்மா ஏதோ சொல்ல அவன் மொழிபெயர்த்தான்: “வாடகை ஒன்பதாயிரம். வீட்டுக்காரர் அரிசி வாங்க மாட்டார் அங்கிள்.”

இறங்கி வரும்போது கோபமெல்லாம் என் மேலேயே திரும்பிவிட்டது. இப்போது அடுத்த சுற்றுக்கு 1,32,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. பணமாகவே கொடுத்துவிடலாம் என்கிறேன். கமிட்டியில் பாதிப் பேர், கையில் காசு கொடுத்தால் கெட்டுப்போகும் என்கிறார்கள். இங்கே இந்த வேலையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

செக்டர்_ஏழு | ஞாயிறு, இரவு 10.05

பாதிப் பேர் சொல்வதுதான் சரி. பாத்திரம் அறிந்து பிச்சை இடு என்று சும்மாவா சொன்னார்கள். அரிசியை விற்றவர் காசை என்ன செய்வார் என்று நமக்கு என்ன உத்தரவாதம்? ஆண்கள் கைக்குப் போனால் நேரே ஒயின் ஷாப். கூப்பனாகக் கொடுங்கள், குறிப்பிட்ட கடையில் குறிப்பிட்ட சாமான் மட்டும் வாங்கட்டும். இன்னொன்றும் கேட்கிறேன், அதே ஜங்புராவில் நம் ஆட்கள் மதராசி கேம்ப் குடிசைப் பகுதியில் வீடு இடிந்து நின்றார்களே, அவர்களுக்கு எத்தனை பை கட்டினீர்கள்?

அம்மான்_ரிட்டர்ன் | ஞாயிறு, இரவு 11.20

ஜோர்டானில் அம்மான் நகரத்தில் நான்கு வருடம், லெபனானில் பெய்ரூட்டில் நான்கு வருடம், அகதிகளுக்கு உதவி கொண்டுசேர்க்கும் இதே பிழைப்பு. இப்போது சாகேத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது எங்கள் மாதிரி எத்தனையோ பேர் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மயூர்விஹார் சார், உங்களுக்கு வந்த கோபம் எங்கள் தொழிலில் முதல் வருடம் எல்லோருக்கும் வரும். இராக்கில் இருந்த சிரிய அகதிகளில் பத்தில் ஏழு பேர் கைக்கு வந்த பொருளை விற்றுக் காசாக்கினார்கள் என்று பண உதவி பற்றி 2015இல் வந்த ஓர் உயர்நிலைக் குழு அறிக்கையே சொல்கிறது. விற்றது தப்பு என்று பார்க்காமல் கணக்கைப் பாருங்கள். உங்கள் பொன்னி வாங்கிய விலை 60 ரூபாய் என்றால் அந்த அம்மா கைக்குப் போனது 22. மீதி 38 ரூபாய்க்கு நீங்கள் அந்த மளிகைக்காரருக்குக் குளிர்கால உதவி செய்திருக்கிறீர்கள்.

ஒயின் ஷாப் கதைக்கு வருகிறேன். உலக வங்கியைச் சேர்ந்த இருவர் 2014இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள், இப்படிக் கொடுத்த பணம் குடிக்கும் புகைக்கும் கூடுதலாகப் போனதாக ஏறக்குறைய எங்குமே தேறவில்லை. அவை வறுமை ஒழிப்புத் திட்டங்கள், போர் இல்லையே என்பீர்கள். சரி, லெபனானைச் சொல்கிறேன். 2013 நவம்பரிலிருந்து 2014 ஏப்ரல் வரை, கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேலே தங்கியிருந்த சிரியக் குடும்பங்களுக்கு ஏ.டி.எம். அட்டையில் மொத்தம் 575 டாலர் போட்டார்கள். மேலே குளிர் அதிகம், அதனால் அந்தக் கோடு. 490 மீட்டரில் இருந்தவருக்கு இல்லை, 510இல் இருந்தவருக்கு உண்டு. வாங்காதவர்களுக்கு அது கொடுமை, ஆனால் ஆராய்ச்சிக்காரர்களுக்கு வசதி, கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருப்பவரையும் கொஞ்சம் கீழே இருப்பவரையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். பணம் வாங்கிய வீடுகளில் பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவது குறைந்திருந்தது. கடைகளில் விலை குறிப்பிடும்படி ஏறவில்லை. கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் லெபனான் சந்தையில் 2.13 டாலர் புழங்கியது. எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. குளிர் காயத்தான் அந்தப் பணம், பெயரே குளிர்கால உதவி. வாங்கியவர்கள் பெரும்பாலும் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் செலவழித்தார்கள். பசி இருக்கும்போது ஸ்டவ்வுக்கு எண்ணெய் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

கூப்பன் பற்றி நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

முகாம்_பிள்ளை | திங்கள், காலை 6.50

செக்டர் ஏழு அண்ணா, பிச்சை என்ற சொல்லைக் காலையில் பார்த்ததால் டீ ஆறிப்போனாலும் பரவாயில்லை என்று எழுதுகிறேன். நான் தமிழ்நாட்டில் ஓர் இலங்கை அகதி முகாமில் பிறந்தவன். முகாம் பெயர் வேண்டாம். இப்போது நொய்டாவில் வேலை. எங்கள் வீட்டுக்கு மாதாமாதம் வருவதன் பெயர் பணக்கொடை. முகாமில் டோல் பணம் என்போம். குடும்பத் தலைவருக்கு 1,000, மற்ற பெரியவர்களுக்கு 750, பன்னிரண்டு வயதுக்குக் கீழே 400. 2021இல்தான் அது 1,500, 1,000, 500 ஆனது, அதே அறிவிப்பில் 7,469 புது வீடுகளும் வந்தன, அதே சமயத்தில் அகதி முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. தமிழ்நாட்டில் அப்போது நூற்றுக்கு மேல் முகாம், ஐம்பத்தெட்டாயிரம் பேருக்கு மேல்.

இந்தப் பணத்தை வைத்து யாரும் குடித்து அழியவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். குடிப்பவர் இருந்தார்கள், உங்கள் செக்டரில் இருப்பதுபோல. ஆனால் குடிக்கிறவர் பெயிண்ட் அடித்த கூலியில் குடித்தார். டோல் பணம் அம்மா கையில், அது கடைக்கடனுக்கு, அதற்கு முன்னாலேயே எழுதப்பட்டிருக்கும்.

நான் சொல்ல வந்தது வேறு. எங்களுக்குப் பணம் கொடுத்தது உறுத்தியதே இல்லை, செக்கிங்தான் உறுத்தும். மாதத்தில் ஒரு நாள் அதிகாரி வருவார், பெயர் வாசிப்பார்கள், ஆள் எதிரே நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் பெயர் வெட்டு. அப்பா கேரளாவில் பெயிண்ட் வேலையில் இருப்பார், செக்கிங் என்று தகவல் வந்தால் ராத்திரி பஸ் ஏறி வருவார், வரிசையில் நிற்பார், ‘உண்டு’ என்பார், மறுநாள் திரும்பிப் போவார். மூன்று நாள் கூலி, இரண்டு பக்க பஸ் காசு. இவ்வளவும் எதற்கு, ஆயிரம் ரூபாய்க்கு. கணக்குப் போட்டால் சில மாதம் நஷ்டம். ஆனாலும் வருவார், ஏனென்றால் பதிவு போய்விட்டால் காசு மட்டுமா போகும், இருப்பே போய்விடும்.

அதனால் அண்ணா, பணமா பொருளா என்று அப்புறம் பேசலாம். அந்த 22 வீட்டு ஆட்களை வரிசையில் நிற்க வைத்து, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் போட்டீர்களா என்று முதலில் சொல்லுங்கள்.

மயூர்விஹார்_ஒன்று | திங்கள், காலை 8.15

போட்டோம் தம்பி. அழித்துவிடுகிறேன்.

பாராபுலா | திங்கள், மதியம் 1.30

மதராசி கேம்ப் பெயரை இழுத்ததால் வருகிறேன். நான் அங்கே பிறந்து வளர்ந்தவன், அம்மா நாற்பது வருடம் ஜங்புராவில் வீட்டு வேலை பார்த்தார். 2025 ஜூன் ஒன்றாம் தேதி இடித்தார்கள், உயர் நீதிமன்ற உத்தரவு, வாய்க்கால் ஓரம் என்று. கிட்டத்தட்ட 370 வீடு. அதில் பாதிப் பேருக்குத்தான் முதலில் டெல்லி ஓரத்தில் இருக்கும் நரேலாவில் ஃபிளாட் என்று வந்தது.

செக்டர் ஏழு சார், எங்களைக் காட்டி ஆப்கன்காரர்களுக்குக் கொடுக்காதே என்று சொல்லாதீர்கள். அந்த வாரம் எங்களுக்கும் நிறையப் பேர் வந்தார்கள், பிஸ்கட், பிரெட், பழைய துணி, ஒருவர் இருபது பெட்டி தண்ணீர் பாட்டில். எல்லாம் நல்ல மனசு. எங்களுக்கு அப்போது வேண்டியிருந்தது டெம்போ வாடகை. கட்டில், பீரோ, அம்மி எல்லாம் ரோட்டில் நிற்கிறது, சாமானை ஏற்ற ஒரு டெம்போ நாலாயிரம், ஐயாயிரம் கேட்கிறான், அன்றைக்கு டிமாண்ட். பிரெட்டைக் கொடுத்தால் டெம்போக்காரன் ஏற்றுவானா? கடைசியில் அம்மா வேலை பார்த்த வீட்டு மேடம் ஒருவர் கையில் ஆறாயிரம் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். இப்போது நரேலாவிலிருந்து அம்மா அதே மேடம் வீட்டுக்கு வர இரண்டு பஸ், ஒரு மெட்ரோ.

போர் வேறு, புல்டோசர் வேறு, ஒப்பிடவில்லை. ஆனால் வீடு போன முதல் வாரம் எல்லோருக்கும் ஒன்றுதான் போல.

செக்டர்_ஏழு | திங்கள், மாலை 6.10

சரி, பிச்சை என்று எழுதியது தப்பு, திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பழமொழிக்காகச் சொன்னது. ஆனால் கூப்பன் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

அம்மான்_ரிட்டர்ன் | திங்கள், இரவு 9.00

கூப்பனை எதிர்த்து நான் சண்டைக்கு வரமாட்டேன். சந்தையில் சாமானே இல்லாத இடம், விலை தினம் ஏறும் இடம், அங்கே கூப்பன், இன்னும் மோசமென்றால் மூட்டையேதான் சரி. ஆனால் டெல்லியில் சாமானுக்கு என்ன பஞ்சம்? இங்கே கூப்பன் கொடுத்தால் ஒரு கடைக்காரருக்கு ஏகபோகம், அவர் வைத்ததுதான் விலை, அப்புறம் கூப்பனையே 100க்கு 70 என்று விற்பார்கள், அதற்கும் நீங்கள் கோபப்படுவீர்கள்.

முகாம் பிள்ளை எழுதிய செக்கிங்கைப் படித்ததும் ஜோர்டான் நினைவு வந்துவிட்டது. அங்கே 2012 முதலே ஏ.டி.எம்.மில் கண்ணைக் காட்டினால் பணம் வரும். அட்டை வேண்டாம், ரகசிய எண் வேண்டாம், கருவிழிப் பதிவு போதும். வெளிநாட்டுப் பத்திரிகைகளெல்லாம் ஆகா ஓகோ என்று எழுதின. நானும் முதலில் அப்படித்தான் வாய் பிளந்தேன். ஒரு நாள் சிரியாவின் ஹோம்ஸிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், இரண்டு கண்ணிலும் புரை, இயந்திரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கிறார். விரலால் இமையைப் பிரித்துப் பிடித்துப் பார்க்கிறார். இயந்திரம் மறுபடியும் முயற்சி செய் என்கிறது. பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. அவர் திரும்பி என்னிடம் கேட்டது: “நான் உயிரோடுதானே இருக்கிறேன்?” மாற்று வழி இருந்தது, இன்னொருவரை நியமித்து எழுதிக் கொடுத்தால் அவர் எடுக்கலாம். ஆனால் அன்றைக்கு, அந்த வரிசையில், அவருக்கு வழி இல்லை.

ஆக, ஆள் வந்து நிற்பதும் கண்ணைக் கொண்டுபோய்க் காட்டுவதும் ஒரே செக்கிங்தான் தம்பி. ஒன்றில் பஸ் காசு மிச்சம்.

கரோல்பாக்_கணக்கு | திங்கள், இரவு 10.30

நான் ஆடிட்டர். ஒருவரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னிடம்தான் ஓடி வருவீர்கள்.

உங்கள் 1,32,000இல் வெளிநாட்டுக்காரர் பணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மச்சான் போட்ட பணமும் சட்டப்படி வெளிநாட்டுப் பணம்தான். சங்கம், டிரஸ்ட் பெயரில் அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் நாட்டில் எந்த மூலையில் இருக்கும் சங்கத்துக்கு வந்தாலும் முதலில் நம் ஊர் சன்சத் மார்க் ஸ்டேட் பேங்க் கிளையில்தான் இறங்க வேண்டும். வாங்கியவர் இன்னொரு சங்கத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. அந்த வம்பே வேண்டாம், மச்சானிடம் நன்றி சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

உள்ளூர்ப் பணம் பிரச்சினை இல்லை. ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் அன்பளிப்பு. வருடத்துக்கு ஒருவர் கைக்கு மொத்தம் 50,000 தாண்டினால்தான் வாங்குபவருக்கு வருமானக் கணக்கு. நன்கொடைக்கு வரிவிலக்கு கிடைக்குமா என்று கேட்பீர்கள், தனி ஆளுக்குக் கொடுத்தால் கிடைக்காது, பதிவு பெற்ற நிறுவனத்துக்குக் கொடுத்தாலும் ரொக்கமாக 2,000க்கு மேல் கிடைக்காது. வரிவிலக்குக்காகக் கொடுப்பவர்கள் இப்போதே விலகிக்கொள்ளலாம்.

வன்னியாள் | செவ்வாய், அதிகாலை 12.45

நான் யாழ்ப்பாணமில்லை, கிளிநொச்சிப் பக்கம். டெல்லியில் படிக்க வந்திருக்கிறேன். இங்கே ஆடிட்டர் ஐயாவும் அம்மானும் எழுதினதை வாசித்துக்கொண்டிருந்தேன், எழுதாமல் படுக்க மனம் வரவில்லை.

2009இல் போரால் இடம்பெயர்ந்து நாங்கள் மெனிக் பாம் முகாமில். எனக்குப் பத்து வயது. அங்கே எல்லாம் சமைத்த சாப்பாடு, பிறகு நிவாரணம், அரிசி, மா, பருப்பு, சீனி. காசு என்று ஒன்றைக் கண்ணால் காணவில்லை. ஆனால் காசு இல்லாத இடத்தில் சந்தை இல்லை என்று நினைக்கவேண்டாம். சனம் பருப்பை விற்று மரக்கறி வாங்கும், மாவைக் கொடுத்துச் சவர்க்காரம் வாங்கும். ஒரு பெண்ணுக்கு வேண்டிய சில சாமான்கள் எந்த நிவாரணப் பட்டியலிலும் முதலில் இருக்கவில்லை. அதை என்னத்தைக் கொடுத்து மாற்றினார்கள் என்று அம்மா பிறகுதான் சொன்னா.

ஊருக்குத் திரும்பிப் போகும்போது ஆறு மாத நிவாரணம், தகரம், தறப்பாள். அதோடு ஐ.நா. அகதிகள் நிறுவனமான யு.என்.எச்.சி.ஆர். குடும்பத்துக்கு 25,000 ரூபாய், இலங்கைக் காசு, வீட்டுக் கொட்டில் போட. அம்மா அதில் முதலில் செய்தது கிணறு இறைத்தது. மூன்று நாள் மெசின் போட்டு இறைத்தார்கள், என்னென்ன வந்தது என்று எழுதமாட்டேன். அதற்குப் பிறகு ஒரு பழைய சைக்கிள். கொட்டில் அதே தறப்பாளில்தான் நின்றது. ஊர் அதிகாரி, விதானையார் என்போம், வந்து, வீட்டுக்குத் தந்த காசை ஏன் கிணற்றில் போட்டனீங்கள் என்று கேட்டார். அம்மா ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து குடிக்கக் கொடுத்தா. அவ்வளவுதான் பதில். லெபனான் கதையை வாசித்தபோது எனக்கு அந்தச் செம்புதான் ஞாபகம் வந்தது.

பிறகு உங்கள் இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. 50,000 வீடு, பெரும்பகுதிக்குக் காசை எங்கள் கணக்கிலேயே போட்டார்கள், ஐந்தரை லட்சம், நாலு தவணையில். அத்திவாரம் போட்டுக் காட்டினால் அடுத்தது, சுவர் எழும்பினால் அடுத்தது. கொந்தராத்துக்காரரிடம் போகாமல் எங்கள் கைக்கு வந்தது பெரிய விசயம், அம்மா சீமெந்துக் கடையில் பேரம் பேசினதை நான் பார்த்திருக்கிறேன், கடைக்காரர் அவவுக்குக் கதிரை போட்டார். ஆனால் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வீடு கட்டினால் என்னவாகும்? மணல் விலை ஏறினது, மேசன் கூலி ஏறினது, மேசனையே பிடிக்க ஏலாது. தவணைக்குச் சுவர் காட்டவேண்டும் என்று அம்மா காப்பை அடகு வைச்சா. பக்கத்து வீட்டில் வட்டிக்கு எடுத்தார்கள். வீடு வந்தது, கடனும் வந்தது. ஆகவே காசுதான் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டேன். காசு நல்லது, ஆனால் எவ்வளவு, எப்ப, அந்த நேரம் கடையில் என்ன விலை, இதெல்லாம் சேர்ந்ததுதான் காசு.

முனிர்கா_மாமி | செவ்வாய், காலை 9.10

வன்னியாள், நீ எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்துவிடு. தனி மடல் அனுப்பியிருக்கிறேன்.

மயூர்விஹார்_ஒன்று | செவ்வாய், மதியம் 3.00

நேற்று மாலை அலுவலகத்திலிருந்து நேரே மறுபடி போகல் போனேன். பணம்தான் என்று ஏறக்குறைய முடிவு செய்தாயிற்று, ஆனால் இப்போது எப்படிக் கொடுப்பது என்று முட்டுகிறது. யு.பி.ஐ.யில் போட்டுவிடலாம் என்று சுலபமாக நினைத்தேன். 22 வீட்டில் சொந்தமாக வங்கிக் கணக்கு இருப்பது நான்கே வீடு. அகதி அட்டையைக் கொண்டு போனால் கவுன்டரில் ஆதார் எங்கே என்கிறார்களாம். மற்றவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் ஏதாவது அனுப்பினாலும், தெரிந்த இந்தியர் ஒருவர் கணக்குக்கு வந்து, அவர் எடுத்துக் கொடுக்கிறார். நூற்றுக்கு ஐந்து. அந்த மளிகைக்காரரே க்யூ.ஆர். காட்டுகிறார், பணத்தை அதில் போட்டால் ரொக்கம் தருவார், அவரும் ஐந்து.

அதாவது அரிசியிலும் அவர்தான், காசிலும் அவர்தான்.

அம்மான்_ரிட்டர்ன் | செவ்வாய், இரவு 8.40

இப்போதுதான் விஷயத்துக்கு வந்திருக்கிறீர்கள். இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத நாடு. இலங்கைத் தமிழரையும் திபெத்தியரையும் அரசே பார்த்துக்கொள்கிறது, ஆப்கன், மியான்மர் ஆட்களுக்கு வசந்த் விஹாரில் இருக்கும் யு.என்.எச்.சி.ஆர். அலுவலகம் அட்டை கொடுக்கிறது. அந்த அட்டை காவலரிடம் காட்ட உதவும். வங்கியில் அதை வைத்துக்கொண்டு கணக்கு திறப்பது குதிரைக் கொம்பு.

உக்ரைனில் 2022இல் பணம் ஏன் அவ்வளவு வேகமாகப் போனது? ஆளுக்கு மாதம் 2,220 ஹிரிவ்னியா, மூன்று மாதத்துக்கு. கொடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்று பேசிக்கொண்டார்கள், நாங்களும் மார் தட்டிக்கொண்டோம். ஊரைவிட்டு ஓடும்போதும் அவர்கள் போனில் வங்கிக் கணக்கும் அரசு அடையாளமும் இருந்தது, வங்கி நின்றது, தபால் நிலையம் நின்றது, அதனால் போனது. காஸாவைப் பாருங்கள். அங்கேயும் போனில் பணம் போட்டார்கள், விழுந்தது. ஆனால் 2023 அக்டோபருக்குப் பிறகு புது நோட்டு உள்ளே வரவில்லை, வங்கிகள் மூடிக்கிடந்தன. போனில் இருப்பதை ரொக்கமாக்க 2025 நடுவில் நூற்றுக்கு நாற்பது வரை கழிவு பிடித்தார்கள். கிழிந்த நோட்டைக் கடைக்காரர் வாங்க மாட்டார் என்று நோட்டு ஒட்டிக் கொடுப்பதே சிலருக்குப் பிழைப்பாகிவிட்டது, சின்ன மேஜை போட்டுப் பசையும் பிளேடும் வைத்துக்கொண்டு. லெபனானில் 2019க்குப் பிறகு வங்கிகள் கவிழ்ந்தபோது டாலராக வந்த உதவியை உள்ளூர்ப் பணமாக மாற்றிக் கொடுத்த கணக்கிலேயே குறைந்தது 25 கோடி டாலர் கரைந்தது என்று 2021இல் செய்தி வந்தது. நான் அங்கேதான் இருந்தேன். பட்டியல் தயாரித்தோம், செய்தி அனுப்பினோம், ஏ.டி.எம்.மில் வரிசை நின்றது, எல்லாம் சரியாக நடந்ததாகத்தான் எங்கள் அறிக்கையில் இருக்கும்.

உங்கள் போகல் மளிகைக்காரர் ஐந்தோடு நிற்கிறார், அந்த வரைக்கும் அவர் தர்மவான்.

செக்டர்_ஏழு | செவ்வாய், இரவு 9.30

சரி, பணம்தான் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன், குடி விஷயத்தில் பாதி மனசோடு. ஆனால் இந்த 22 வீட்டை யார் தேர்ந்தெடுத்தது? அந்தத் தெருவில் 22 வீடுதான் ஆப்கன் வீடா? முகாமில் அரசுப் பதிவு இருந்தது, லெபனானில் 500 மீட்டர் இருந்தது. நம்மிடம் என்ன இருக்கிறது?

மயூர்விஹார்_ஒன்று | செவ்வாய், இரவு 10.50

இந்தக் கேள்வி வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பட்டியல் தந்தூர்க்காரர் கொடுத்தது. அவரும் ஆப்கன்தான், முதலில் வந்து நிலைத்தவர், நல்ல மனிதர். நேற்று 14ஆம் எண் பையன் கூடவே வந்து இரண்டு வாசல் காட்டினான், இரண்டும் ஆண்துணை இல்லாத வீடு, பட்டியலில் இல்லை. ஏன் என்றால், அவர்கள் தந்தூர்க்காரரின் இனம் இல்லையாம், ஹசாரா. பட்டியலில் இருக்கும் ஒருவர் லஜ்பத் நகரில் ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளுக்கு மொழிபெயர்த்து என் வீட்டு வாடகைக்கு மேலேயே சம்பாதிக்கிறார்.

அம்மான்_ரிட்டர்ன் | செவ்வாய், இரவு 11.15

எந்தக் கோடு போட்டாலும் கோட்டுக்கு வெளியே ஒருவர் நிற்பார். துருக்கியில் 2016 நவம்பரில் தொடங்கிய அட்டைத் திட்டம், ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம், 15 லட்சம் பேருக்கு மேல், ஆளுக்கு 100 லிரா, பிறகு 120. நான்கு பிள்ளை இருந்தால் உண்டு, மூன்று என்றால் வேறு ஏதாவது காரணம் காட்ட வேண்டும். முறையான வேலை கிடைத்துப் பதிவானால் அட்டை போய்விடும், அதனால் பதிவில்லாத வேலையிலேயே இருந்துகொண்டார்கள். உங்களுக்கு இரண்டு சின்ன யோசனை. பட்டியல் ஒருவரிடமிருந்து வாங்காதீர்கள், பெண்களிடமும் தனியாக, இரண்டு மூன்று பேரிடம் வாங்குங்கள். என்ன விதி வைத்தீர்கள் என்பதை அவர்கள் மொழியான தாரியில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். திட்டுவார்கள். திட்டட்டும்.

முகாம்_பிள்ளை | புதன், காலை 7.00

மயூர்விஹார் அண்ணா, ஒரு வேண்டுகோள். கொடுக்கும்போது ரசீது, கையெழுத்து, ஆதாரம் எல்லாம் உங்கள் கமிட்டி கேட்கும். கேட்கட்டும். ஆனால் ‘என்ன செய்தீர்கள்’ என்று அடுத்த மாதம் போய்க் கேட்காதீர்கள். அப்பா கடைசி வரைக்கும் யாராவது கணக்கு நோட்டோடு வந்தால் எழுந்து நின்றுவிடுவார், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் வந்தால்கூட.

மட்டுறுத்துநர் | புதன், காலை 11.00

குடியுரிமைச் சட்டம், கட்சிகள் பற்றி வந்த ஏழு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே உதவி பற்றி மட்டும்.

மயூர்விஹார்_ஒன்று | ஞாயிறு, இரவு 10.20

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பட்டியலைத் திரும்ப எழுதினோம். முனிர்கா மாமியும் வன்னியாளும் இன்று மதியம் கூட வந்தார்கள், பெண்கள் மட்டும் உட்கார்ந்து பேசினார்கள், எங்களை மாடிப்படியிலேயே நிறுத்திவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் அவராகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், கொஞ்சம் கோபத்தோடு. இன்னும் ஒரு குடும்பம் காலி செய்து போய்விட்டது. அந்த இரண்டு வீடும் சேர்ந்தன. ஆக மறுபடி 22. வீட்டுக்கு மாதம் 2,000, மூன்று மாதம். வாடகையில் கால் பங்குகூட இல்லை, தெரியும். மொத்தமாக 6,000 ஒரே தடவை கொடுங்கள் என்று எட்டு வீட்டில் கேட்டார்கள், முன்பணம், ஸ்கூல் ஃபீஸ், பழைய கடன் என்று. கேட்டவர்களுக்கு மொத்தமாக, மற்றவர்களுக்கு மாதாமாதம். கணக்கு இருக்கும் நான்கு பேருக்கு வங்கியில். மீதிப் பேருக்குக் கவரில் ரொக்கம், நானும் பாராபுலாவும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம், க்யூ.ஆர். கிடையாது. தந்தூர்க்காரர் என்னிடம் பேசுவதில்லை, ரொட்டி மட்டும் கொடுக்கிறார்.

ஒரு சின்ன விஷயம். டிசம்பரில் மிஞ்சிய இட்லி அரிசி 40 கிலோ என் பால்கனியில் அப்படியே இருக்கிறது. வண்டு வைப்பதற்குள் யாருக்காவது வேண்டுமா?

பாராபுலா | ஞாயிறு, இரவு 10.24

கிலோ 22 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன்.